உடம்புக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்: தரச் சோதனை எங்கே முடிகிறது, யார் கணக்கு வைக்கிறார்கள்?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் நாம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டாக்டர் எப்படி? செலவு எவ்வளவு? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? எத்தனை நாளில் எழுந்து நடப்பார்? 'உள்ளே வைக்கப்போகிற பொருள் எந்தக் கம்பெனி, என்ன மாடல், பேட்ச் நம்பர் என்ன?' என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு.

புது செல்போன் வாங்கினால் அதன் பெட்டியை வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருக்கிறோம். பதினைந்து, இருபது வருஷம் உடம்புக்குள் இருக்கப்போகிற பொருளின் பெட்டியோ தியேட்டர் குப்பைக்கூடைக்குப் போய்விடுகிறது. அதில் இருந்த நம்பர் எங்காவது ஒழுங்காகப் பதிவானால் பிரச்சினை இல்லை. பதிவாகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு கசப்பான உதாரணம் இருக்கிறது. அதைப் பார்க்கும் முன், இம்ப்ளான்ட்டை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

தொழிற்சாலையில் என்ன சோதனை நடக்கிறது?

செயற்கை மூட்டு, எலும்பு பிளேட், ஸ்டென்ட், பேஸ்மேக்கர், கண்புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் எல்லாமே இம்ப்ளான்ட்தான். இவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பொதுவாக ஐஎஸ்ஓ 13485 என்ற தர நிர்வாக முறையைப் பின்பற்றுகின்றன. செயற்கை இடுப்பு மூட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால், முதலில் அதன் உலோகக் கலவை சரியான விகிதத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு அளவுகள். பந்தும் கிண்ணமும் மைக்ரான் கணக்கில் பொருந்த வேண்டும். மேற்பரப்பு வழவழப்பு, கண்ணுக்குத் தெரியாத விரிசல், கிருமி நீக்கம், பாக்கெட் சீல் என்று பட்டியல் நீளும்.

உடைத்துப் பார்க்கும் சோதனைகளை எல்லாப் பொருளிலும் செய்ய முடியாது. அதனால் மாதிரிகளை மட்டும் எடுத்துச் செய்வார்கள். தேய்மானச் சோதனைக்கென்று ஒரு இயந்திரம் இருக்கிறது. மூட்டை அதில் மாட்டி, கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை மசகாக ஊற்றி, 50 லட்சம் சுழற்சிகள் வரை ஓட்டுவார்கள். ஒருவர் ஒரு வருஷம் நடப்பது சுமார் 10 லட்சம் சுழற்சி என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். அப்படியானால் இந்தச் சோதனை காட்டுவது ஏறக்குறைய ஐந்து வருஷத் தேய்மானம். நமக்கு வேண்டியதோ பதினைந்து, இருபது வருஷம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆய்வகத்தில் கிண்ணம் குறித்த கோணத்தில் பொருத்தப்பட்டிருக்கும். தியேட்டரில் சில டிகிரி மாறலாம். ஆளுக்கு ஆள் எலும்பும் எடையும் நடையும் வேறு.

ஆக, தொழிற்சாலைப் பரிசோதனை முக்கியமாகப் பதில் சொல்வது 'வரைபடத்தில் உள்ளபடியே பொருளைச் செய்திருக்கிறார்களா?' என்ற கேள்விக்கு. 'வரைபடமே சரிதானா?' என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு முழுப் பதில் நோயாளியின் உடம்புக்குள் போன பிறகுதான் தெரியவரும். இந்த இரண்டு கேள்வியிலும் உலகம் பெரிய அளவில் கோட்டை விட்டிருக்கிறது.

முதல் கேள்வி: சொல்லிவிட்டு வந்த இன்ஸ்பெக்டர்

பிரான்சின் பிஐபி நிறுவனம் மார்பக இம்ப்ளான்ட் தயாரித்தது. ஆவணங்களில் மருத்துவத் தரச் சிலிக்கான். உள்ளே போனது தொழிற்சாலை உபயோகத்துக்கான மலிவு சிலிக்கான். ஐரோப்பிய விதிப்படி தரச் சான்று இருந்தது, தணிக்கையும் முறையாக நடந்தது. ஆனால் தணிக்கையாளர்கள் எப்போது வருவார்கள் என்பது கம்பெனிக்கு முன்பே தெரியும். வருவதற்குள் மலிவு சரக்கை மறைத்துவிட்டார்கள்.

2010 மார்ச்சில் விஷயம் வெளியே வந்தபோது உலகம் முழுவதும் லட்சக்கணக்கான பெண்களின் உடலில் அந்த இம்ப்ளான்ட் இருந்தது. நிறுவனர் ழான் குளோட் மாஸுக்கு 2013-ல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு 2017-ல் கொண்டுவந்த புதிய மருத்துவக் கருவிச் சட்டத்தில், சொல்லாமல் போய்ச் சோதனை செய்வதை ஐரோப்பா கட்டாயமாக்கியது. குறைந்தது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திடீர்த் தணிக்கை நடக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எல்லாம் சரி, ஆனால் வடிவமே தப்பு

ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு கதை வேறு. இங்கே யாரும் மலிவு உலோகத்தைக் கலக்கவில்லை. பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலவை. சிக்கல் வடிவமைப்பில். கிண்ணத்தின் ஆழம் குறைவு. பொருத்தும் கோணம் கொஞ்சம் மாறினாலும் சுமை கிண்ணத்தின் விளிம்பில் விழும். உலோகம் உலோகத்தோடு உரசும். நுண்ணிய துகள்கள் சுற்றியுள்ள திசுவை அரிக்கும், கோபால்ட், குரோமியம் ரத்தத்தில் ஏறும். நோயாளிக்கு வலி, வீக்கம், பிறகு இரண்டாவது ஆபரேஷன்.

இது எப்படி அனுமதி வாங்கியது? அமெரிக்காவில் ஏஎஸ்ஆர் எக்ஸ்எல் மாடல் 2005-ல் '510(கே)' என்ற வழியில் வந்தது. ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒரு கருவியைப் போன்றதுதான் இதுவும் என்று காட்டினால் போதும். மனிதர்களிடம் புதிதாகச் சோதித்துக் காட்ட வேண்டியதில்லை.

அப்புறம் யார் கண்டுபிடித்தார்கள்? தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் இல்லை. மூட்டுப் பதிவேடுகள்தான். எந்த நோயாளிக்கு எந்த மாடல் வைக்கப்பட்டது, எத்தனை ஆண்டில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது என்று நாடு முழுக்கக் கணக்கு வைக்கும் முறை இது. சுவீடன் இதை 1970-களிலேயே தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பதிவேடு 1999-லும், இங்கிலாந்து, வேல்ஸின் பதிவேடு 2003-லும் வேலையை ஆரம்பித்தன.

ஒரு டாக்டரிடம் இரண்டு பேர் வலி என்று வந்தால் அது தற்செயலாகத் தோன்றலாம். நாடு முழுக்க உள்ள ஆயிரக்கணக்கான ஆபரேஷன்களை ஒரே அட்டவணையில் வைத்தால் கெட்ட மாடல் தனியாகத் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் ஏஎஸ்ஆர் அப்படித்தான் முதலில் மாட்டியது. 2009 இறுதியில் அங்கே விற்பனை நின்றது. பிரிட்டன் பதிவேட்டில் ஐந்தே ஆண்டில் சுமார் 12 முதல் 13 விழுக்காடு பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டிருந்தது. அதாவது எட்டில் ஒருவர். 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் ஏஎஸ்ஆர் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு வைக்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் என்ன ஆச்சு?

இந்தியாவில் சுமார் 4,700 ஏஎஸ்ஆர் ஆபரேஷன்கள் நடந்திருந்தன. திரும்பப் பெற வேண்டுமென்றால் முதலில் யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே? இங்கேதான் பெரிய ஓட்டை. டாக்டர் அருண்குமார் அகர்வால் தலைமையில் மத்திய அரசு 2017-ல் அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது, சுமார் 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்பது தெரிய வந்தது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடுப்பில் வலி, நடக்க முடியவில்லை என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். தன் உடம்பில் இருப்பது உலகமே திரும்பப் பெற்ற பொருள் என்பது அவருக்கும் தெரியாது, புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. எந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழாது.

சிடிஎஸ்சிஓ எனப்படும் மத்திய மருந்துகள் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு இது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது 2013 டிசம்பரில். உலக அளவில் திரும்பப் பெற்று மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இழப்பீட்டிலும் இதே தாமதம். அமெரிக்காவில் சுமார் 8,000 வழக்குகளுக்காக 250 கோடி டாலர் தர அந்த நிறுவனம் 2013-லேயே ஒப்புக்கொண்டது. இந்திய அரசு 30 லட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று ஒரு கணக்கீட்டு முறையை அறிவித்தது 2018 நவம்பரில். அதுவும் நீதிமன்றம் வரை போனது. 2019-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில், மறு ஆபரேஷன் செய்துகொண்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் தருவதாக நிறுவனம் சொன்னது. 4,700 எங்கே, 67 எங்கே? பதிவு இல்லாதவர் இழப்பீட்டு வரிசையிலும் இல்லை.

இப்போது விதிகள் மாறியிருக்கின்றனவா?

மாறியிருக்கின்றன. முன்பு ஸ்டென்ட், எலும்பு இம்ப்ளான்ட் போன்ற சில கருவிகளை மட்டும் 2005 முதல் 'மருந்து' என்ற பட்டியலில் சேர்த்துக் கட்டுப்படுத்தினார்கள். மாத்திரையை மனதில் வைத்து எழுதிய சட்டத்துக்குள் மூட்டையும் வால்வையும் திணித்த கதை. மருத்துவக் கருவிகளுக்கென்றே தனி விதிகள் 2017-ல் வந்து, 2018 ஜனவரி 1 முதல் அமலாயின.

கருவிகள் ஆபத்தின் அளவைப் பொறுத்து நான்கு வகை. நாக்கை அழுத்திப் பார்க்கும் குச்சி ஏ, ஊசி பி, எலும்பு பிளேட் சி, இதய வால்வு டி. உள்நாட்டில் தயாராகும் ஏ, பி வகைகளுக்கு மாநில அதிகாரிகள் உரிமம் தருகிறார்கள். சி, டி வகைகள் மத்திய அமைப்பின் கையில். 2020 ஏப்ரலில் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் முதலும் உரிமம் கட்டாயம்.

ஆக, முதல் கேள்விக்கான ஏற்பாடு முன்னைவிட எவ்வளவோ தேவலை. இரண்டாவது கேள்வியில்தான் இன்னும் இடைவெளி.

ஒன்று, வெளிநாட்டு அனுமதியை நாம் நம்பியிருக்கிறோம். அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, ஜப்பான், கனடா, ஆஸ்திரேலியாவில் தடையின்றி விற்பனையாகும் கருவியென்றால் இங்கே தனியாக மனிதர்களிடம் சோதித்துக் காட்டுவதிலிருந்து விலக்கு கிடைக்கும். நல்ல கருவி சீக்கிரம் வர இது உதவுகிறது. ஆனால் அங்கே கோட்டை விட்டால் இங்கேயும் விட்ட மாதிரிதான். அந்த நாடுகளில் தவற்றைப் பிடித்துக் கொடுத்தது பதிவேடு. அனுமதியை எடுத்துக்கொண்ட நாம் பதிவேட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பு, மூட்டு மாற்று நிபுணர்கள் சங்கம் 2006 முதல் நடத்தும் பதிவேடு ஒன்று உண்டு. ஆனால் அதில் விவரம் தருவது டாக்டர்களின் விருப்பம்.

இரண்டு, ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் 2022 ஜனவரி முதல் வரும் என்று விதிகளில் எழுதினார்கள். அந்தத் தேதி தள்ளிவைக்கப்பட்டது.

மூன்று, அனுமதி பெற்று விற்ற இம்ப்ளான்ட் கெட்டுப்போனால் இவ்வளவு இழப்பீடு என்று சொல்லும் பிரிவு 2017 விதிகளில் இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி அகர்வால் குழு பரிந்துரைத்தது.

பதிவேடு என்றால் டாக்டர்களுக்குக் கூடுதல் எழுத்து வேலை, ஆஸ்பத்திரிக்குச் செலவு என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனால் இன்ஷூரன்ஸ் பணம் வாங்க எத்தனை ஸ்கேன், எத்தனை படிவம் அனுப்புகிறோம்! அதே கோப்பில் இம்ப்ளான்ட்டின் பேட்ச் நம்பரையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஓரிடத்தில் தொகுப்பது முடியாத காரியம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், பயப்பட வேண்டாம். பெரும்பாலான மூட்டு மாற்றுகளும் லென்ஸ்களும் பல ஆண்டுகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் மூன்று விஷயங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர்: இம்ப்ளான்ட் பாக்கெட்டுடன் ஒட்டிப் பிரிக்கும் ஸ்டிக்கர்கள் வரும். கம்பெனி, மாடல், பேட்ச் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் லென்ஸ் ஸ்டிக்கரை ஒட்டித் தருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதேபோல மூட்டுக்கும் ஸ்டென்ட்டுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். இந்த ஸ்டிக்கரைக் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை.

போட்டோ: அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள். காகிதம் தொலையும், மை மங்கும்.

புகார்: சில வருஷம் கழித்துப் புதிதாக வலி, வீக்கம் வந்தால் வயசுதான் காரணம் என்று விட்டுவிடாமல் அந்த விவரத்துடன் டாக்டரைப் பாருங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015-ல் தொடங்கிய தேசியக் கண்காணிப்புத் திட்டம் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் பொறுப்பில் நடக்கிறது. டாக்டர் மட்டுமில்லை, நோயாளியும் புகார் தரலாம். கட்டணமில்லா எண் 1800-180-3024.

ஏற்கெனவே ஆபரேஷன் முடிந்தவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே பழைய ஃபைலை எடுத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இல்லையென்றால் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். நாடு தழுவிய கட்டாயப் பதிவேடு வரும் நாள் வரை, உங்கள் வீட்டு ஃபைல்தான் அந்தப் பதிவேடு.