பாட்டி அடுப்பும் பச்சை முட்டையும்

பச்சை நிறத்தில் ராட்சத முட்டை போல இருக்கும் அந்தப் பீங்கான் கரி அடுப்பின் படத்தை யாராவது காட்டினால் போதும், கூட்டத்தில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "இதுல என்னங்க இருக்கு? நம்ம பாட்டி வெச்சிருந்த மண் அடுப்புதானே! அதையே வெள்ளைக்காரன் லட்ச ரூபாய்க்கு விக்கிறான்." உடனே நாலு பேர் கைதட்டுவார்கள். ஐந்தாவது ஆள் பாட்டி வைத்த மீன் குழம்பை நினைத்துக் கண்கலங்குவார்.

கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய். இந்தப் பொய்யைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஊதுகுழலைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் அந்த முட்டையின் கதை. ஜப்பானிய மொழியில் கமாடோ என்றால் அடுப்பு. அதில் முஷிகமாடோ என்று ஒரு வகை. உருண்டையான மண் உடம்பு, மேலே கவிழ்த்த மண் மூடி, சோறு வேகவைப்பதற்கானது (கறி சுடுவதற்கு இல்லை, கவனிக்க). இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1974ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் என்பவர் பிக் கிரீன் எக் என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்தார். வெறும் மண் சூட்டில் விரிசல் விட்டதால் பிறகு உயர்சூடு தாங்கும் பீங்கானுக்கு மாறினார்கள்.

அதன் சூட்சுமம் ரொம்ப எளிது. ஓர் அங்குலத்தை ஒட்டிய கனமான சுவர், இறுக மூடும் மூடி, கீழே ஒரு காற்றுவாய், மேலே ஒரு காற்றுவாய். உள்ளே போகிற காற்றின் அளவுதான் நெருப்பின் அளவு. வாயை ஒரு விரற்கடை திறந்தால் 110 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம் அடங்கி எரியும். முழுக்கத் திறந்தால் 350 டிகிரி வரை ஏறும். இரண்டையும் அடைத்தால் நெருப்பு செத்துவிடும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். சுவர் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் கரி கொஞ்சம்தான் செலவாகும்.

இப்போது பாட்டியின் அடுப்புக்கு வருவோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் என்று நீளும் கரிசல் காட்டில் அது மூன்று பக்கம் மண் மேடு, ஒரு பக்கம் திறந்த வாய், மேலே மூன்று குமிழ். வசதி இருந்தால் பக்கத்தில் ஒரு கொடியடுப்பு. மூடி கிடையாது. காற்றைக் கட்டுப்படுத்த ஒரு வழியும் கிடையாது. சட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சூடு பாதி வெளியே போகும். விறகு என்ன? பருத்தி எடுத்து முடித்த பின் பிடுங்கிய பருத்திமார். அது குப்பென்று பிடித்துச் சட்டென்று அணையும். ஒரு ஆள் குத்தவைத்து உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால்தான் உலை கொதிக்கும். அந்த ஆள் எப்போதும் பெண். மழைக்காலத்தில் நனைந்த மார் எரியாமல் புகையும்போது கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதியதும் அவள்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வீட்டுக்குள் கிளம்பும் இந்த மாதிரிப் புகையால் 2020ல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். மண்வாசனைக் கவிஞர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் திண்ணையில் இருந்தார்கள்.

ஆக, இரண்டும் மண்ணால் ஆனவை என்பதைத் தவிர வேறு உறவில்லை. சரி, முட்டைக்கு நம்மூரில் சொந்தமே இல்லையா? இருக்கிறது. அடுப்பங்கரையில் தேடினால் கிடைக்காது, சீமைக்கருவேலக் காட்டில் தேட வேண்டும்.

தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வெட்டிய விறகைக் கூம்பாக அடுக்கி, மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். பிறகு நாள்கணக்கில் காவல். எங்கே துளை போடுவது, எதை எப்போது அடைப்பது என்பதுதான் தொழில். காற்று கூடினால் விறகு முழுதும் சாம்பல், குறைந்தால் பாதி வெந்த கட்டை. ராத்திரி மூட்டத்தில் ஓரிடம் இடிந்தால் அப்போதே எழுந்து மண் அள்ளிப் போட வேண்டும். கனமான மண் சுவர், எண்ணிவைத்த காற்று: அட்லாண்டா முட்டையின் பாடமும் இதே பாடம்தான். ஆனால் "நம்ம பாரம்பரியம்" என்று மார்தட்டும் ஒருவர்கூட இந்தத் தொழிலாளியைக் காட்டிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மேலெல்லாம் கரி பூசி நிற்கிறார், படத்துக்கு அழகாக இருக்க மாட்டார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட் கரியில் சுட்ட கறி என்றால் தனி மரியாதை. மெஸ்கீட் வேறொன்றுமில்லை, சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு, ஒரே பேரினம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து, இங்கே ஊரெல்லாம் சபித்துக்கொண்டிருக்கும் அதே குடும்பம். கோவில்பட்டியில் பீங்கான் அடுப்பு வைக்கிறவர் அட்டைப்பெட்டியில் வரும் வெளிநாட்டுக் கரிக்கு ஆர்டர் போட்டால் அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அடுத்த கூட்டம், வாங்குகிறவர்கள். பாட்டி கட்சியாவது பேச்சோடு நிறுத்திக்கொள்கிறது. இவர்கள் செலவும் செய்கிறார்கள். தோட்ட வீடு கட்டியாயிற்று, வெளிச் சமையலறை வேண்டும், கிரானைட் மேடை வேண்டும், நடுவில் வட்டமாக வெட்டி முட்டையை உட்கார வைக்க வேண்டும். மேடையின் நிறத்துக்கு மூன்று வாரம் யோசிப்பவர் கீழே இருக்கும் மண்ணுக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவதில்லை. "வெயிட்டு ஜாஸ்திங்க, காங்கிரீட்டு நல்லா கனமா போட்ரலாம்" என்பதோடு ஆலோசனை முடிந்தது.

வெயிட்டு பிரச்சினையே இல்லை! பெரிய அளவு முட்டை 70 கிலோவைத் தாண்டும், அதற்கு அடுத்தது 100 கிலோவை நெருங்கும். ஒரு மூட்டை நெல்லும் ஒரு ஆளும் சேர்ந்தால் அதைவிட அதிகம். கரிசல் மண்ணுக்கு அது தூசு. அந்த மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் இருக்கிறது. நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். பங்குனி சித்திரையில் கை நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும் அதே நிலம் ஐப்பசி மழையில் உப்பி எழும்போது சதுர மீட்டருக்குப் பத்து டன் பாரத்தையும் தள்ளித் தூக்கும். அதனால்தான் கரிசலில் மாடி வீடு தப்பித்து நிற்க, அதன் திண்ணையும் சுற்றுச்சுவரும் முதலில் வாய் பிளக்கின்றன. இலேசான கட்டுமானத்துக்குத்தான் அங்கே ஆபத்து. சமையல் மேடை இலேசான கட்டுமானம்.

தளத்தின் ஓரம் முதலில் நனையும், நடுப்பகுதி பிறகு நனையும். எனவே ஓரம் தூக்கும், மேடை சாயும். கிரானைட்டில் வெட்டிய வட்டம் முட்டையோடு ஒட்டி இறுக்கமாக இருந்தால், அரை அங்குல அசைவு போதும், கல் பீங்கானை நெருக்கிவிடும். பீங்கான் வளையாது, விரியும். மேடை சாய்ந்தால் மூடியும் சரியாக உட்காராது. மூடி உட்காராவிட்டால் காற்றை அடக்க முடியாது. அப்புறம் அது வெறும் விலை உயர்ந்த பாட்டி அடுப்பு.

செய்ய வேண்டியது கொத்தனாருக்குத் தெரியாத வித்தையல்ல. மேடை வருமிடத்தில் கரிசலை மூன்றடியாவது தோண்டி வெளியே எடுத்துவிட்டு, உப்பாத சரள் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, திமிசு போட வேண்டும். உப்பாத மண்ணை ஒரு மீட்டர் கனத்துக்கு இடையில் கொடுத்தால் கரிசலின் ஆட்டம் மேலே வராது என்பதை ஐஐடி மும்பையில் கட்டி என்ற பேராசிரியர் பல ஆண்டு ஆராய்ந்து நிறுவினார், வாய்க்கால் கரைகளெல்லாம் அப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன. சரளுக்கு மேல் கம்பி கட்டிய தளம். அந்தத் தளம் வீட்டுச் சுவரோடு சேரக்கூடாது, இடைவெளி விட வேண்டும், இரண்டும் வெவ்வேறு கதியில் அசையும். சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாகப் பூச்சு. பாத்திரம் கழுவும் நீர் மேடையடியில் இறங்கவே கூடாது. முட்டையைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளியும், அடியில் செங்கலோ இரும்புத் தாங்கியோ இருக்க வேண்டும். மர மேசையில் நேரடியாக வைப்பது தீயை விலைக்கு வாங்குவது. தூக்கும்போது உள்ளே இருக்கும் நெருப்புக்கிண்ணம், வளையம் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிட்டு மூன்று பேர் அடிப்பாகத்தைப் பிடிக்க வேண்டும். மூடியின் கைப்பிடி தூக்குவதற்கானதல்ல.

திசையும் முக்கியம். கயத்தாற்றில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மாவா? ஆனி ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று கீழ்க் காற்றுவாய்க்குள் நேராகப் புகுந்தால் கொல்லன் துருத்திதான். 110 டிகிரி என்று நினைத்து வைத்த கறி கரியாகும். வாய் கிழக்கே பார்க்கட்டும், மேற்கில் ஒரு தட்டி இருக்கட்டும். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் அடைப்பது மட்டும் கூடாது. கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும். நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றினாலும் பீங்கான் வெடிக்கும்.

இவ்வளவும் சொன்னால் "இதெல்லாம் பணக்காரன் பொம்மை, விடுங்க" என்று ஒரு மூன்றாவது குரல் வரும். அதற்குத்தான் கோபம் வர வேண்டும். கனமான சுவரும் அடக்கிய காற்றும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு மட்டும் என்று யார் விதித்தது? அதன் மூதாதை அன்றாடம் சோறாக்கிய அடுப்பு. இங்கே நடந்தது என்ன? 1980களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அஸ்த்ரா குழு மூன்று சட்டி வைக்கும் புகைபோக்கி அடுப்பை வடிவமைத்தது. மத்திய அரசின் மேம்பட்ட அடுப்புத் திட்டம் நாடெங்கும் லட்சக்கணக்கில் அடுப்பு கட்டி, 2002ல் இழுத்து மூடப்பட்டது. ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டவர்கள் இப்படிப்பட்ட மண் அடுப்புகளைச் சில ஆண்டு தொடர்ந்து பார்த்து 2012ல் எழுதினார்கள்: முதல் வருடம் புகை குறைந்தது, பிறகு அடுப்பு விரிசல் விட்டது, வீடுகளில் அதைச் சரியாகப் பராமரிக்கவில்லை, பலன் போயிற்று. விரிசல்! அமெரிக்க வியாபாரி தன் அடுப்பு விரிசல் விட்டபோது பொருளையே மாற்றினார். நம் அடுப்பு விரிசல் விட்டபோது திட்டத்தை மூடிவிட்டோம்.

பிறகு 2006ல் வந்த திமுக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது, 2016ல் மத்திய அரசின் உஜ்வலா வந்தது. இரண்டும் பாட்டிப் பெருமை பேசிய அத்தனை கட்டுரைகளையும்விட அதிக நுரையீரல்களைக் காப்பாற்றியிருக்கும். ஆனாலும் சிலிண்டர் விலை ஏறும் மாதத்தில் கொல்லைப்புறத்தில் பருத்திமார் மறுபடி புகைகிறது. வெந்நீர் வைக்க, நெல் அவிக்க, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்க அந்த அடுப்பு போகவே இல்லை.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020லேயே கிடைத்துவிட்டது. பாகு ஒரு கம்பி கூடினால் மிட்டாய் பாழ் என்பதால், சூட்டை அடக்குவதன் விலை அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். மானாமதுரைக் குயவரும், கரிமூட்டக்காரரும், ஒரு பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர் நாலு பேரும் ஒரு வருடம் உட்கார்ந்தால், மூடியும் இரண்டு காற்றுவாயும் உள்ள, சூட்டில் விரியாத கொல்லைப்புற அடுப்பு ஒன்று வராதா? ஒவ்வொரு வருடமும் கல்லூரிகளில் கண்காட்சிக்கு வைக்கப்படும் கோடு பார்த்து ஓடும் ரோபோக்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டால் அதற்கு நேரமும் காசும் வந்துவிடும்.