கூரை தெரிகிறது, குடியிருப்போர் தெரிவதில்லை

2011 கணக்கெடுப்பின்படி திருப்பூர் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 24.8 லட்சம். அரசுத் திட்டங்கள் இன்றும் சாய்ந்து நிற்பது இந்தப் பழைய எண்ணின் மீதுதான். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது; அடுத்ததற்கு 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பச் செயற்கைக்கோள் படங்கள் வந்திருக்கின்றன. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப் குழு, கணக்கெடுப்பு எண்களைக் கட்டடங்கள், சாலைகள், இரவு வெளிச்சம் ஆகியவற்றைக் கொண்டு 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எங்கே எத்தனை பேர் வசிக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறது. அருமையான உழைப்பு.

ஆனால் திருப்பூர் மாவட்டத்தின் அவிநாசி வட்டாரத்தில் இந்த முறை தடுமாறும். மேலிருந்து பார்த்தால் தகரக் கூரை போட்ட பனியன் கம்பெனியும், அதையொட்டி ஆட்கள் தங்கும் ஷெட்டும் ஒன்றுபோலவே தெரியும். இரவு ஷிஃப்ட் ஓடும் கம்பெனியின் வெளிச்சம், அங்கே பெருங்கூட்டம் குடியிருப்பதாகக் காட்டும். லைன் வீட்டின் பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றில் ஒரு குடும்பமும் இருக்கலாம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஆறு இளைஞர்களும் இருக்கலாம். அடிப்படை எண்ணே பழையதாக இருக்கும்போது படம் எவ்வளவு துல்லியமாக இருந்தென்ன?

ஆகவே, புதிதாகக் கட்டடங்கள் முளைத்த இடங்களை முதலில் படத்தில் குறித்துக்கொண்டு, கணக்கெடுப்பாளர்களை அங்கே ஷிஃப்ட் முடிந்த நேரத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அனுப்ப வேண்டும். இந்தி, ஒடியா தெரிந்த ஒருவர் கூடவே போகட்டும். குடிநீர்க் குழாயும் அங்கன்வாடியும் எங்கே வேண்டும் என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.