‘எங்களுக்குக் கிடைக்காது’ என்கிற கணக்கு

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பட்டாபிராமில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: “இந்த மார்க்குக்கு எந்த காலேஜ் கிடைக்கும்?” தேர்வு மார்ச்சில் முடிகிறது. முடிவு மே மாதம் வருகிறது. பொறியியல் பொதுக் கலந்தாய்வோ ஜூலையில். நடுவில் உள்ள இந்த மாதங்களில்தான் சீட்டு வியாபாரம் நடக்கிறது. “இப்பவே பணம் கட்டி சீட்டைப் பிடிச்சிடுங்க, அப்புறம் கிடைக்காது” என்று போன் மேல் போன். ஆராய்ச்சி மாணவன் என்பதால் என்னிடமும் வந்து கேட்கிறார்கள். பெரும்பாலும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர். 2024 நவம்பரில் நம் ஊரில் 21 மாடி டைடல் பார்க்கைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆசைப்படாமல் எப்படி இருக்க முடியும்?

முன்கூட்டியே பிடிக்கும் அந்த சீட்டு எந்தக் கணக்கில் வருகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தனியார் கல்லூரி என்றால் அது நிர்வாக ஒதுக்கீடு. அங்கே 69 விழுக்காடு கிடையாது. முதல் பட்டதாரி கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேருவோருக்குத்தான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிகளும் நிர்வாக ஒதுக்கீட்டை விலக்கி வைத்திருக்கின்றன. ஆக, நாம் போராடிப் பெற்ற அத்தனையையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கடன் வாங்கிய பணத்தோடு உள்ளே போகச் சொல்கிறார்கள்.

கணக்கு அப்படியொன்றும் கடினம் இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. கணிதத்தில் 90, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கியவரின் கட்-ஆஃப் 90+42+44, அதாவது 176. முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எவ்வளவில் நின்றது என்பது கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. சென்டம் எடுப்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறும், கட்-ஆஃபும் கூடவே ஏறி இறங்கும். அதனால் தரவரிசைப் பட்டியல் வந்ததும் உங்கள் சமூகத் தரவரிசையையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஓ.சி. என்றால் ‘அவங்க சாதி’ என்றே நம் வீடுகளில் புரிந்து வைத்திருக்கிறோம். அது பொதுப்போட்டி. அந்த 31 விழுக்காடு எல்லோருக்கும் உரியது, நமக்கும்தான். எஸ்.சி. வரிசையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அருந்ததியர் பிள்ளைகளுக்கு 18-க்குள் 3 விழுக்காட்டில் முன்னுரிமை உண்டு, மீதி 15-லும் போட்டியிடலாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி, அதில் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. இதையெல்லாம் பார்க்காமலேயே “கிடைக்காது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

‘கிடைக்காது’ என்ற கணிப்புக்கு நம் மாநிலத்தில் ஒரு வரலாறே உண்டு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை 14 இடங்களைப் பிரித்தது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் இருவர். சீனிவாசன் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர். செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை. விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததாம், அவ்வளவுதான். அந்த வழக்கில்தான் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அரசாணையைச் செல்லாது என்றது. பெரியாரும் தமிழ்நாடும் கொதித்தெழுந்த பிறகு, அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது.

விண்ணப்பம் போடாத ஒருவரின் கணிப்புக்கு உச்ச நீதிமன்றத்தில் அவ்வளவு மதிப்பு. நம் வீட்டுக் கணிப்போ தனியார் கல்லூரி கவுன்ட்டரில் முன்பணமாகப் போய்ச் சேருகிறது.

தனியார் நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு கொண்டுவர 2005-இலேயே 93-ஆவது திருத்தத்தின் வழி 15(5) வந்துவிட்டது. 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் 2006-இல் இயற்றிய சட்டம் மத்திய அரசின் கல்வி நிறுவனங்களோடு நின்றுகொண்டது. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தப்பித்தன. ஏப்ரலில் நுழைவுத் தேர்வு வைத்து முதலில் கூப்பிடுகிறவர்களும் அவர்களே. அந்தச் சட்டத்தைக் கேட்டுப் போராடுவது நீண்ட வேலை.

இந்த ஏப்ரலிலேயே செய்யக்கூடியதும் உண்டு. பட்டாபிராம், இந்துக் கல்லூரி, ஆவடிப் பக்கம் உள்ள நம் அம்பேத்கர் படிப்பகங்களில் போன ஆண்டு கட்-ஆஃப் பட்டியலை, எஸ்.சி., எஸ்.சி.ஏ., ஓ.சி. மூன்றையும் சேர்த்து, சுவரில் ஒட்டுங்கள் தோழர்களே. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு கல்லூரி மாணவர் அங்கே இருந்தால் போதும். முன்பணம் கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் அங்கே வரட்டும்.