வைட்ஃபீல்டைத் தாண்டினால் செம்மண் பாதை: அது யார் சொத்து?

வைட்ஃபீல்டில் வேலை பார்ப்பவர்களில் ஒரு சின்னக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே காடுகோடியைத் தாண்டிவிடுகிறது. சமேதனஹள்ளி, அனுகொண்டனஹள்ளி, மாலூர் பக்கம் போய், தார்ச் சாலையை விட்டு இறங்கி, ஏரிக்கரைக்கும் ராகி வயலுக்கும் யூகலிப்டஸ் தோப்புக்கும் நடுவே ஓடும் செம்மண் பாதையில் சைக்கிள் மிதிப்பதுதான் திட்டம். இதற்கு ‘கிராவல் சைக்கிளிங்’ என்று பெயர். நம்ம ஊரில் கிராவல் என்றால் லாரியில் ஏற்றிப் போகும் மண். செய்தியில் அந்தச் சொல் வந்தாலே பின்னாடி ‘கொள்ளை’ என்ற சொல்லும் வந்துவிடும். இங்கே காணாமல் போவது மண் இல்லை, அந்த மண் மேல் கிடக்கும் பாதை.

அந்தப் பாதை யாருடையது, அது எப்படி மறைகிறது, உங்கள் கைபேசியை வைத்தே அதை எப்படிச் சரிபார்க்கலாம் என்பதைப் பார்ப்போம்.

கிராவல் சைக்கிள்: என்ன வித்தியாசம்?

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், அதைவிட அகலமான டயர், ஏற்றத்துக்கு உதவும் இலகுவான கியர். சாலை ரேஸ் சைக்கிளின் டயர் 25 முதல் 28 மில்லிமீட்டர் இருக்கும் என்றால், இதில் 40-ஐ ஒட்டி இருக்கும். காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் கல்லும் குழியும் கையை உலுக்காது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இதைப் பிரபலமாக்கியது. 2022-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பையே நடத்திவிட்டது.

மாலூர்ப் பக்கத்து விவசாயி இதைக் கேட்டால் சிரிப்பார். புல்லுக்கட்டை கேரியரில் கட்டிக்கொண்டு அதே பாதையில் கறுப்பு சைக்கிளை மிதித்த தலைமுறை அது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 50.4 சதவீத வீடுகளில் சைக்கிள் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை வார இறுதிக்காக வாங்கியவை அல்ல.

தார்ச் சாலையை விட்டு ஏன் இறங்குகிறார்கள்?

பாதி காரணம் ஆசை, மீதி பயம். 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். 2024 பிப்ரவரி 28 அதிகாலை, நவி மும்பையின் பாம் பீச் சாலையில் சைக்கிளில் போன இன்டெல் இந்தியாவின் முன்னாள் தலைவர் அவதார் சைனி கார் மோதி இறந்தார். ஐடி நிறுவனங்களின் சைக்கிள் குழுக்களை உலுக்கிய செய்தி அது.

பெங்களூரில் நகருக்குள் சைக்கிளுக்கென்று இடம் ஒதுக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2020-ல் வெளிவட்டச் சாலையில் தடுப்புக் குச்சிகள் நட்டு ஒரு சைக்கிள் தடம் போட்டார்கள். மெட்ரோ வேலை வந்ததும் அதன் பெரும்பகுதி காணாமல் போனது. நகருக்கு வெளியே புதிதாக வருபவை வேகச் சாலைகள். பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையின் பிரதானத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டரோடு சேர்த்து மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் தடை. காரணம் பாதுகாப்பு. நியாயமான காரணம்தான். ஆனால் சைக்கிளில் போகிறவர் போகக்கூடிய இடம் இப்படி ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் மிஞ்சுவது வண்டிப் பாதை.

சரி, அந்தப் பாதை யாருடையது?

பார்த்தால் யாரோ ஒருவரின் வயலுக்குள் போவதுபோலத்தான் இருக்கும். பல இடங்களில் உண்மையும் அதுதான், பாதை ஒரு தனியார் சர்வே எண்ணுக்குள்ளேயே ஓடும். ஆனால் அந்தத் துண்டு நிலம் அவருடையது அல்ல.

இதைப் புரிந்துகொள்ள ‘கராப்’ என்ற சொல் தெரிய வேண்டும். கர்நாடக நில வருவாய் விதிகள் 1966, சாகுபடிக் கணக்கில் சேராத, தீர்வை விதிக்காத நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. ‘ஏ கராப்’ என்பது பாறை, களம், பண்ணைக் கட்டடம் மாதிரி விவசாயத்துக்கு உதவாத பகுதி. அது நில உடைமையாளரின் அனுபவத்திலேயே இருக்கும். ‘பி கராப்’ என்பது பொதுப் பயன்பாட்டுக்கானது: சாலை, அங்கீகரிக்கப்பட்ட நடைபாதை, மற்றவர்களும் பயன்படுத்தும் ஏரி, ஓடை, இடுகாடு. ஆக, ஒருவரின் பெயரில் 4 ஏக்கர் பதிவாகியிருந்தாலும், அதில் 6 குண்டா பி கராப் என்றால் அந்த 6 குண்டா ஊருக்குச் சொந்தம். (40 குண்டா ஒரு ஏக்கர்.)

பஹணி என்று கர்நாடகத்தில் சொல்லும் ஆர்.டி.சி. ஆவணத்தில் மொத்தப் பரப்புக்குக் கீழேயே ஏ கராப், பி கராப் இரண்டும் தனித்தனியாக இருக்கும். வைட்ஃபீல்டுக்கு வெளியே மனை வாங்கத் தேடும் நண்பர்கள், சைக்கிளே ஓட்டாதவர்களாக இருந்தாலும், அந்த வரியை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டில் இதற்குச் சமமான சொல் உங்களுக்கே தெரியும்: புறம்போக்கு. வண்டிப்பாதை புறம்போக்கு, ஓடை புறம்போக்கு என்று கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் வகைவாரியாக எழுதியிருக்கும். ஊருக்கே பொதுவான நிலத்தின் பெயரை நாம் வசவுச் சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம், அது வேறு கதை.

ஒரு பாதை எப்படிக் காணாமல் போகும்?

ஒரு சின்னக் கணக்கு. 5 மீட்டர் அகலமுள்ள வண்டிப் பாதை 1 கி.மீ. நீளம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 5,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 49 குண்டா, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 30-க்கு 40 அடி மனையாகப் பிரித்தால் 44 மனை. ஹோஸ்கோட்டே, சர்ஜாபுரா பக்கம் மனை விலை தெரிந்தவர்கள் மீதியைத் தாங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பாதை ஏன் மறைகிறது என்பதற்கு வேறு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

பொதுவாக மூன்று விதத்தில் இது நடக்கிறது. சத்தமில்லாமல் நடப்பது முதல் வகை: பக்கத்து வயல்காரர் ஆண்டுக்கு ஒரு சால் உள்ளே தள்ளி உழுவார், பாதை ஒற்றையடியாகும், பிறகு வரப்பாகும். இரண்டாவது, லேஅவுட். இரண்டு பக்கத்து நிலத்தையும் ஒரே ஆள் வாங்கிச் சுற்றுச்சுவர் கட்டி, வாசலில் காவலாளியை உட்கார வைத்தால் பாதை உள்ளே சிக்கிக்கொள்ளும். வரைபடத்தில் இருக்கும், காலில் இருக்காது.

மூன்றாவது வகை சட்டத்தின் வழியாகவே. கர்நாடக நில வருவாய்ச் சட்டம் 1964-ன் 67-ஆவது பிரிவு, வேறு யாருக்கும் சொந்தமில்லாத பொதுச் சாலை, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து என்கிறது. அடுத்த பிரிவான 68, பொதுமக்களுக்கு இனித் தேவையில்லை என்று கருதப்படும் பாதையின் மீதுள்ள பொது உரிமையை, அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, நீக்க வழி செய்கிறது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆட்சேபணை யார் சொல்வார்கள்? மாட்டு வண்டி போய்விட்டது. பிள்ளைகள் பள்ளி வேனில் போகிறார்கள். பாதையைத் தினமும் பயன்படுத்தியவர் நிலத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே போயிருப்பார். ‘இந்தப் பாதையில் நாங்கள் போகிறோம்’ என்று எழுதிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால், ‘பயன்பாடு இல்லை’ என்ற கோப்புக் குறிப்பே உண்மையாகிவிடும்.

வேகச் சாலைகள் இன்னொரு மாதிரி வெட்டுகின்றன. பெங்களூரு - சென்னை விரைவுச் சாலை சுமார் 262 கி.மீ. அது தொடங்குவதே ஹோஸ்கோட்டேயில். கர்நாடகத்துக்குள் வரும் சுமார் 71 கி.மீ. மாலூர், பங்காருபேட்டை வழியாகப் போகிறது. வைட்ஃபீல்டு சைக்கிள்காரர்களின் வார இறுதி மைதானமும் அதே நிலம்தான். இடையில் யாரும் நுழைய முடியாத சாலை என்பதால் குறுக்கே போகும் வழிகள் சுரங்கப்பாதை இருக்கும் இடத்தில் மட்டுமே. சைக்கிளில் 2 கி.மீ. சுற்றிப் போவது எட்டு நிமிடம். தலையில் கட்டோடு நடந்து போகும் பெண்ணுக்கு அரை மணி நேரம். இந்த விஷயத்தில் சைக்கிள்காரர் இழப்பது கொஞ்சம்தான்.

அப்போ தார் போடுவது தப்பா?

இல்லை. இந்த இடத்தில் கிராவல் ஆர்வலர்களின் வாதம் கொஞ்சம் சறுக்குகிறது. மழைக்காலத்தில் சேற்றைத் தாண்டி ஆம்புலன்ஸ் வராத ஊருக்குச் செம்மண்ணின் அழகைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் இதுவரை 7 லட்சம் கி.மீ.-க்கும் மேல் சாலை போட்டிருக்கிறார்கள். மக்கள் கேட்டு வாங்கிய சாலைகள் அவை. அறுவடைக் காலத்தில் ஹோஸ்கோட்டே, கோலார் பக்கத்துத் தார்ச் சாலைகளில் ராகியையும் கொள்ளையும் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போகிற வண்டிச் சக்கரமே கதிர் அடித்துக் கொடுக்கும். ஆபத்துதான், அதிகாரிகள் எச்சரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் களமாக இருந்த பொது நிலம் எங்கே போனது என்றும் கேட்க வேண்டும் இல்லையா?

ஆகவே மண்ணா, தாரா என்பது இரண்டாம் கேள்வி. திறந்திருக்கிறதா, மூடிவிட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

இத்தாலியின் டஸ்கனியில் சைக்கிள்காரர்கள் இதைக் கொஞ்சம் முன்பே பிடித்துக்கொண்டார்கள். அங்குள்ள வெள்ளை மண் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போனபோது, 1997-ல் ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் கயோலே இன் கியாந்தி என்ற ஊரில் பழைய சைக்கிள்களுக்கான ‘லெரோய்க்கா’ பயணத்தைத் தொடங்கினார். சாலைகளைக் காப்பாற்றுவது அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. பத்து ஆண்டில் அதே சாலைகளில் ‘ஸ்த்ராதே பியாங்கே’ என்ற தொழில்முறைப் பந்தயமே வந்துவிட்டது. சுற்றுலா வருமானம் வந்ததும், தார் போடாமல் வைத்திருப்பதற்கு உள்ளூருக்கே ஒரு காரணம் கிடைத்தது.

இங்கிலாந்து போனது ஆவண வழி. பொது உரிமையுள்ள ஒவ்வொரு பாதையையும் உள்ளாட்சி ஒரு சட்டபூர்வ வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 1949-லேயே சட்டம் போட்டார்கள். குதிரைப் பாதைகளில் சைக்கிள் போகலாம் என்று 1968-ல் இன்னொரு சட்டம். அப்படியிருந்தும், பழைய வரைபடங்களோடு தன்னார்வலர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேல் பாதைகள் பதிவிலிருந்து விடுபட்டிருப்பதாக ‘ராம்ப்ளர்ஸ்’ அமைப்பு கண்டறிந்தது. கிட்டத்தட்ட 79,000 கி.மீ. அந்த ஒப்பிடும் வேலையை வீட்டில் உட்கார்ந்தபடி கணினித் திரையில்தான் செய்தார்கள். வைட்ஃபீல்டில் அந்த வேலைக்கு ஆள் பஞ்சமா என்ன?

கைபேசியில் எப்படிப் பார்ப்பது?

ஸ்ட்ராவா வெப்ப வரைபடம் காட்டுவது, மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதை மட்டும்தான். போக உரிமை உண்டா என்று அது சொல்லாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கொஞ்சம் மேல். மண் பாதைகளை ‘ட்ராக்’ என்று குறித்து, உறுதியானதிலிருந்து வெறும் மண் வரை 1 முதல் 5 வரை தரமும் கொடுத்திருப்பார்கள். ஆனால் அதுவும் பயனர்கள் வரைந்ததே, சட்டச் சான்று இல்லை.

கர்நாடக அரசின் ‘திஷாங்க்’ செயலியைத் திறந்தால் நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண் தெரியும். அந்த எண்ணை வைத்து பூமி இணையதளத்தில் பஹணியைப் பார்த்தால் பி கராப் எவ்வளவு என்று கிடைக்கும். நில ஆவணத் துறையின் தளத்தில் கிராம வரைபடத்தை இறக்கினால், இரட்டைப் புள்ளிக்கோடு வண்டிப் பாதை, ஒற்றைப் புள்ளிக்கோடு கால் பாதை. மூன்றும் ஒத்துப்போனால் நீங்கள் நிற்பது பொதுப் பாதை. அதன் நடுவே கேட் இருந்தால் தாசில்தாருக்கு ஒரு மனு எழுத உங்களிடம் ஆதாரம் இருக்கிறது. காவலாளியிடம் சண்டை போடாதீர்கள், பாவம், அவர் சம்பளத்துக்கு நிற்பவர். மனுவில் அந்த ஊர்க்காரர் ஒருவரின் கையெழுத்தும் சேர்ந்தால் அதற்கு எடை கூடும். சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவரின் ‘பயன்பாடு’ எந்தக் கோப்பிலும் பெரிதாக நிற்காது.

கடல் வரை ஒரு கோடு

வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கும்போதே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். நந்தி மலையில் பிறக்கும் தட்சிண பினாகினி, ஹோஸ்கோட்டேயைத் தொட்டு, வைட்ஃபீல்டுக்குக் கிழக்கே முகளூர் வழியாக இறங்கி, ஓசூர் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கே அதன் பெயர் தென்பெண்ணை. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. வைட்ஃபீல்டிலிருந்து கடற்கரைக்கு ஒரு மண் பாதைப் பயணம் வேண்டுமென்றால் இயற்கை போட்டுக் கொடுத்த கோடு இதுதான்.

அந்த வழி முழுவதையும் பாதையென்று யாரும் அறிவிக்கவில்லை. துண்டு துண்டாக ஏரிக்கரை, ஓடைக்கரை, வண்டிப் பாதை, நடுவில் தார். மேல்பகுதியில் ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு கிழக்கு பெங்களூரின் கழிவுநீர். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கிய படங்கள் ஓசூர்க்காரர்களுக்குப் பழகிப்போனவை. பயணம் போகிறவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவது வசதி. மழை முடிந்து செம்மண் இறுகியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மாநில எல்லையைத் தாண்டியதும் திஷாங்க் வேலை செய்யாது. அங்கிருந்து தமிழ்நாடு அரசின் இணையவழிச் சேவைத் தளத்தில் ‘அ’ பதிவேடும் புல வரைபடமும்தான் துணை.