பழைய லப்டொப்பை எறியச் சொல்லாதீர்கள்



2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. உடனே, "விண்டோஸ் 11 ஏறாத லப்டொப் எல்லாம் குப்பை" என்று கதை கிளம்பிவிட்டது. அதை நம்பி நகையை அடகு வைக்கிற நிலைக்குப் பெற்றோரைத் தள்ளுவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

பிள்ளைகள் சாதாரண தரத்தில் படிப்பது பாஸ்கல், உயர்தரத்தில் பைதன். இரண்டுக்கும் 2012இல் வந்த திங்க்பேட் டி430 தாராளம். அதில் றாம், ஹார்ட் டிஸ்க், பற்றரி மூன்றையும் நாங்களே கழற்றி மாற்றலாம். இன்றைய மெல்லிய லப்டொப்கள் பலவற்றில் றாமைக் கழற்றவே முடியாது.

அதற்காக ஏமாறவும் கூடாது. வாங்கமுதல் பிணைச்சலை ஆட்டிப் பாருங்கள். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் தட்டுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பயோஸில் பாஸ்வேர்ட் பூட்டு இருந்தால் வேண்டாம்.

பாஸ்கல் பழக விண்டோஸ் 7 போதும். ஆனால் அதை இணையத்தில் இணைக்காதீர்கள். வீட்டுப் பாவனைக்கான அதன் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. இணையம் தேவையென்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள், இலவசம்.

அலுமாரிக்குள் பழையது கிடக்கிறதா? எறியமுதல் எங்களிடம் கொண்டுவாருங்கள். சேர்ந்து திறந்து பார்ப்போம்.