யாருக்காகப் பறக்கிறது கடற்படையின் விமானம்? – நேவாளி நிலம் எழுப்பும் கேள்வி

கல்யாணிலிருந்து ஹாஜி மலங் மலைக்குச் செல்லும் வழியில் நேவாளி கிராமம் உள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942-43ஆம் ஆண்டுகளில், விமானத்தளம் அமைப்பதற்காக பிரிட்டிஷ் அரசு இப்பகுதி விவசாயிகளிடமிருந்து 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை எடுத்துக்கொண்டது. போர் முடிந்தது. வெள்ளையர் ஆட்சியும் ஒழிந்தது. ஓடுபாதை பயனற்றுக் கிடந்தது. சுற்றிலுமுள்ள நிலத்தில் விவசாயிகள் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். 2017இல் கடற்படை சுற்றுச்சுவர் எழுப்ப முனைந்தபோது விவசாயிகள் எதிர்த்தனர். ஜூன் 22 அன்று சாலைகள் மறிக்கப்பட்டன, மோதல் வெடித்தது, பாஜக தலைமையிலான மாநில அரசின் காவல்துறை பெல்லட் குண்டுகளால் பதில் சொன்னது.

போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டிய நிலம் இது என்கின்றனர் விவசாயிகள். பிரிட்டிஷ் காலத்திலிருந்தே இது பாதுகாப்பு அமைச்சகத்தின் சொத்து என்கிறது ஒன்றிய அரசு. காலனி ஆட்சியின் சின்னங்களையெல்லாம் துடைத்தெறியப் போவதாக முழங்கும் ஆட்சியாளர்கள், விவசாயியின் நிலம் என்று வந்தவுடன் காலனி அரசின் கையகப்படுத்தலையே பட்டயமாக நீட்டுகிறார்கள். கேள்வி கேட்போரை ‘தேசப் பாதுகாப்புக்கு எதிரானவர்கள்’ என்று முத்திரை குத்துகிறார்கள். அப்படியானால் இராணுவ விமானம் இந்த நாட்டில் யாரை, யாரிடமிருந்து பாதுகாத்து வந்திருக்கிறது என்பதை வரலாற்றிடமே கேட்போம்.

1919 ஏப்ரலில், ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு மறுநாள், குஜ்ரன்வாலாவில் மக்கள் மீது பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின. வடமேற்கு எல்லைப்புறத்தில் பழங்குடி கிராமங்கள் மீதான குண்டுவீச்சு வாடிக்கையாக இருந்தது. 1932இல் உருவாக்கப்பட்ட இந்திய விமானப்படையின் தொடக்ககாலப் பணியும் அந்த எல்லைப்புறத்தில்தான் அமைந்தது. நேவாளி நிலம் பறிபோன அதே 1942இல், பீகார் உள்ளிட்ட பகுதிகளில் வெகுண்டெழுந்த மக்கள் மீது விமானங்களிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டார்கள். பாசிசத்தை வீழ்த்துவது உலக மக்களின் கடமையாக இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏகாதிபத்தியம் தன் பேரரசைக் காக்கும் வேலையை அப்போதும் நிறுத்தவில்லை.

அந்தப் படைக்குள் இருந்தவர்களும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளே. 1946 பிப்ரவரியில் பம்பாய் துறைமுகத்தில் கடற்படை மாலுமிகள் செங்கொடியையும் காங்கிரஸ், லீக் கொடிகளையும் ஒருசேர ஏற்றியபோது, நகரிலிருந்த இந்திய விமானப்படை வீரர்களும் ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தனர். கடற்படையே அழிந்தாலும் கவலையில்லை என்று மிரட்டினார் அட்மிரல் காட்ஃப்ரே. மாலுமிகளை அச்சுறுத்த பிரிட்டிஷ் போர் விமானங்கள் துறைமுகத்துக்கு மேல் பறந்தன. கம்யூனிஸ்ட் கட்சியின் அறைகூவலை ஏற்று பம்பாய்த் தொழிலாளி வர்க்கம் வீதிக்கு வந்தது, நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

விடுதலைக்குப் பின் கடற்படையின் விமானப் பிரிவு 1953இல் கொச்சியின் கருடா தளத்தில் எளிமையாகத் தொடங்கியது. 1961இல் விக்ராந்த் கப்பல் வந்தது. 1971 டிசம்பரில் அதிலிருந்து எழுந்த ஸீஹாக், அலிஸே விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கி, வங்கதேச விடுதலைக்குத் துணைநின்றன. அப்போது இந்தியாவை மிரட்ட வங்கக் கடலுக்குள் நுழைந்தது அமெரிக்காவின் ஏழாவது கடற்படையைச் சேர்ந்த எண்டர்பிரைஸ் கப்பல். இந்தியாவுக்குப் பக்கபலமாக நின்றது சோவியத் யூனியன். பின்னர் சோவியத் நாட்டின் ஐஎல்-38, டியூ-142 விமானங்கள் நம் கடற்பரப்பைக் கண்காணித்தன.

இன்று நிலைமை என்ன? நேவாளியைப் போலவே போர்க்காலத்தில் உருவான விமானத்தளம்தான் அரக்கோணம். 1992இல் அது ராஜாளி கடற்படைத் தளமாயிற்று. 2013 முதல் அங்கு போயிங் நிறுவனத்தின் பி-8ஐ விமானங்கள் நிற்கின்றன. 2017 மார்ச்சில் டியூ-142 விடைபெற்றது. 2020இல் அமெரிக்காவின் ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்தின் ஆளில்லா விமானங்கள் குத்தகைக்கு வந்து இறங்கின. 2024 அக்டோபரில் அத்தகைய 31 விமானங்களை வாங்க சுமார் 32,000 கோடி ரூபாய் அளவிலான ஒப்பந்தம் கையெழுத்தானது.

இது வெறும் கொள்முதல் கணக்கல்ல. 2016, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துக் கையெழுத்தான மூன்று இராணுவ ஒப்பந்தங்கள் நம் தளங்களையும் தகவல் தொடர்பையும் வரைபடத் தரவுகளையும் அமெரிக்க இராணுவத்தோடு பிணைத்துவிட்டன. 2020 செப்டம்பரில் அமெரிக்கப் போர் விமானம் போர்ட் பிளேரில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றது. அரை நூற்றாண்டுக்கு முன் பீரங்கியுடன் வந்தவனுக்கு இன்று திண்ணையில் பாய் விரித்திருக்கிறார்கள்.

சீனாவைச் சமாளிக்க வேறு வழியில்லை என்பார்கள். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லைப் பிரச்சனைக்குப் பேச்சுவார்த்தையே தீர்வு. பாதுகாப்புக்குச் சுயசார்பே அடித்தளம். பொதுத்துறை நிறுவனமான எச்ஏஎல் கான்பூரில் கடற்படைக்கு டார்னியர் விமானங்களைக் கட்டித் தந்திருக்கிறது. உள்நாட்டில் உருவான இலகுரகப் போர் விமானத்தின் கடற்படை வடிவம் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யா கப்பலில் தரையிறங்கிக் காட்டியது. ஆனால் 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் விமானங்களுக்காக சுமார் 63,000 கோடி ரூபாய் பிரான்சுக்குப் போகிறது. நேவாளிக்குப் பக்கத்து ஊரான அம்பர்நாத்தின் படைத்தளவாடத் தொழிற்சாலை உட்பட 41 தொழிற்சாலைகளும் 2021இல் ஏழு கம்பெனிகளாகக் கூறுபோடப்பட்டன. எதிர்த்த தொழிலாளர்களின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கத் தனிச் சட்டமே கொண்டுவரப்பட்டது. தேசப் பாதுகாப்பின் பெயரால் விவசாயிக்குப் பெல்லட் குண்டு, தொழிலாளிக்குத் தடைச்சட்டம், அமெரிக்க ஆயுத முதலாளிக்குக் கோடிகள்!

ஆயுதம் தானாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அரசு எந்த வர்க்கத்தின் கையில் இருக்கிறதோ அந்தப் பக்கமே சாயும். எனவே, நேவாளி விவசாயிகளின் நில உரிமையை வெளிப்படையாக விசாரித்துத் தீர்க்க வேண்டும். உண்மையிலேயே நிலம் தேவையெனில் 2013ஆம் ஆண்டு சட்டத்தின் அடிப்படையில் இழப்பீடும் மறுவாழ்வும் தர வேண்டும். அமெரிக்காவுடனான இராணுவ ஒப்பந்தங்களை ரத்து செய்ய வேண்டும். பாதுகாப்பு உற்பத்தியில் பொதுத்துறையை வலுப்படுத்த வேண்டும். கல்யாண், உல்லாஸ்நகர், அம்பர்நாத் முதல் தாராவி வரை வாழும் தமிழ் உழைப்பாளிகளிடம் இக்கோரிக்கைகளைக் கொண்டுசெல்வது நமது கடமை. மராத்திய விவசாயியின் நிலமும் அரக்கோணத்து ஓடுபாதையும் வெவ்வேறு பிரச்சனைகளல்ல; ஒரே போராட்டத்தின் இரு முனைகள்.