தொலைந்த இரண்டு பூஜ்யங்கள்

"கோட் எல்லாம் தானாகவே வந்துவிடும்; பழைய சர்வீஸில் சொருகினால் வேலை முடிந்தது." ஜொகூர் பாருவில் கணக்கு மென்பொருள் விற்கிறவர்கள் பாடும் பல்லவி இது. 2024 ஆகஸ்ட் 1இல் மலேசியாவில் ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமான பிறகு, பல்லவி இன்னும் உரக்கக் கேட்கிறது. நம்பிச் சூடுபட்டவன் என்பதால் சொல்கிறேன்: இது பாதிப் பொய்.

ஸ்கூடாயில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஆக்சிஸ்2 என்ற வெப் சர்வீஸ் மென்பொருளில் ஓடும் பழைய சர்வீஸ் இருந்தது. அதன் வழியாக வருமான வரி வாரியத்தின் மின் விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸுக்குப் பில் போக வேண்டும். சர்வீஸ் எதை வாங்கும், எதைத் தரும் என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பைத் திருத்திக் கொடுத்தோம். ஆக்சிஸ்2இன் கோட் எழுதும் கருவி நொடியில் ஜாவா கிளாஸ்களைக் கொட்டியது. பிழையின்றி கம்பைல் ஆனது. தே தாரேக் குடிக்கக் கிளம்பிவிட்டோம்.

சில்லறை விற்பனையைத் திரட்டி அனுப்பும் பில்லுக்கு வகைக் குறியீடு 004. எங்கள் கோப்பில் யாரோ அந்த இடத்தில் 'இன்ட்', அதாவது முழு எண், என்று போட்டிருந்தார்கள். கருவி சொன்னதைச் செய்தது. எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு? 004 வெறும் 4 ஆகிப் போனது. வருமான வரி வாரியத்தின் பட்டியலில் 4 என்று ஒரு குறியீடே கிடையாது.

"மெஷின் எழுதியதில் எப்படித் தப்பு வரும்?" என்று கேட்டார் முதலாளி. தப்பை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். மெஷின் அதை அழகாகப் படியெடுத்தது.

'இன்ட்'டை 'ஸ்ட்ரிங்', அதாவது எழுத்துச்சரம், என்று மாற்றி, மேலெழுதும் ஆப்ஷனோடு மறுபடி ஓட்டினோம். கருவி உருவாக்கிய சர்வீஸ் கோப்புக்குள்ளேயே கையால் எழுதி வைத்திருந்த தள்ளுபடிக் கணக்கு போயே போச்சு. இன்டர்ஃபேஸை மட்டும் கருவியிடம் வாங்கிக்கொண்டு, நம் கணக்கைத் தனி கிளாஸில் எழுதும் வழி ஆக்சிஸ்2இலேயே இருக்கிறது. பொறுமையாகப் படித்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

ஆக்சிஸ்2ஐ வளர்த்ததில் கொழும்புப் பொறியாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 2001இல் டபிள்யூஎஸ்டிஎல் 1.1ஐ எழுதிய நால்வரில் இலங்கையின் சஞ்சீவ வீரவரணவும் ஒருவர். இத்தனை பேர் உழைத்தும், விற்பவர்கள் தரும் வாக்குறுதியை ஆக்சிஸ்2இன் கருவி தருவதில்லை. அது உருவாக்கும் சர்வீஸ் கோப்பைத் திறந்து பாருங்கள்: தேவையான கணக்கை இங்கே எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு, கீழே, எழுதாமல் ஓட்டினால் கிளம்பும் பிழைச்செய்தி. கருவியே கெஞ்சிக் கேட்கிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை.

இப்போது ஏஐ எழுதுமே என்பார்கள். எழுதட்டும். 'எல்லாம் ஆட்டோ' என்று கொட்டேஷன் நீட்டுகிறவரிடம் கையெழுத்துப் போடுவதற்கு முன், உங்கள் கண்ணெதிரே 004ஐ அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.